புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் அம்மாவுக்கு வீட்டிலேயே எந்த வகையில் ஆறுதல் தர முடியும்?

கேள்வி: பெரம்பூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது ஆகிறது. கணையத்தில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோதெரபியை இனி அவருடைய உடல் தாங்காது என்றும், இருக்கும் காலத்தை வலியில்லாமல் கழிக்க உதவுவதே சரியான வழி என்றும் மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். பெரம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறோம். வயிற்றில் தொடங்கி முதுகு வரை இழுக்கும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் உள்ள பெரியவர்கள், "அது கடைசி மருந்து, அதைக் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்று சொல்வதால், வலி தாங்க முடியாத நேரத்தில் மட்டும் கொடுத்து வருகிறோம்.

இதற்கிடையில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அத்தை ரெய்கி செய்பவர் ஒருவரை அழைத்து வரலாம் என்கிறார். சித்தப்பா, காலில் வீக்கம் இருப்பதால் தினமும் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட வேண்டும் என்கிறார். இடது கால்தான் சில நாள்களாக வீங்கி, தொட்டால் வலிக்கிறது. அண்ணா நகரில் இருக்கும் ஒரு மையம், வாசனை எண்ணெய்ச் சிகிச்சை, இசைச் சிகிச்சை, பாத அழுத்தச் சிகிச்சை எல்லாம் சேர்த்து மாதக் கட்டணம் பேசுகிறது. எங்கள் வசதிக்கு அது பெரிய தொகைதான் என்றாலும், அம்மாவுக்கு உண்மையிலேயே நிம்மதி கிடைக்குமானால் கடன் வாங்கியாவது செய்யத் தயாராக இருக்கிறேன்.

இவற்றில் எது உதவும், எது உதவாது, எது ஆபத்தானது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். இரவில் அவருக்கு மூச்சு வாங்குகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, இரண்டு கரண்டிக் கஞ்சிக்கு மேல் சாப்பிட மறுக்கிறார். இவற்றுக்கு வீட்டிலேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


பதில்: தாம்பரத்திலிருந்து ஒரு செவிலியர்

சகோதரிக்கு வணக்கம். நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று ஆதரவு சிகிச்சை அளிக்கும் குழுவில் நான் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மற்றவற்றுக்கு முன்னால் ஒன்றை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன்: அம்மாவின் இடது காலை யாரும் தேய்க்கவோ அமுக்கவோ வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, வலியும் இருந்தால், அந்தக் காலின் உள் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கக்கூடும். கணையப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த உறைவு ஏற்படும் வாய்ப்பு மிக அதிகம். அழுத்தித் தேய்க்கும்போது உறைந்த இரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் நிலைமை கைமீறிவிடும். இரவில் மூச்சு வாங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனவே இன்றே மருத்துவரிடம் பேசி, காலுக்கு டாப்ளர் ஸ்கேன் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கலாமா என்று கேளுங்கள். சித்தப்பா அன்பினால்தான் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் இந்தக் காலுக்கு அந்த அன்பு வேறு வடிவில் வரட்டும்.

அப்படியானால் தொடுதலே கூடாதா என்றால், நிச்சயமாக அப்படி இல்லை. நான் பார்த்த வரையில், நோயாளிகளுக்கு மிகவும் பிடித்த சிகிச்சையே கை வருடல்தான். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயில் சில துளிகளை உங்கள் உள்ளங்கையில் இட்டு, அம்மாவின் கையை மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை மிக மெதுவாக, தோலை நகர்த்தும் அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து வருடிவிடுங்கள். ஒரு கைக்குச் சில நிமிடங்கள் போதும். தொடங்குவதற்கு முன்னால் "செய்யட்டுமா அம்மா?" என்று கேட்பதும், செய்யும்போது கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பதும் முக்கியம். புருவம் சுருங்கினால் நிறுத்திவிட வேண்டும். தலையையும் இப்படியே கோதிவிடலாம். எலும்புக்குப் பரவிய இடம், கதிர்வீச்சு கொடுத்த இடம், புண் உள்ள தோல், கட்டி தட்டுப்படும் இடம், வயிற்றின் மேல் பகுதி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் லேசான அழுத்தத்துக்கும் கன்றிப்போகும் என்பதால் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வருடல், இசை போன்றவை பதற்றத்தையும் வலியின் கடுமையையும் ஓரளவு, கொஞ்ச நேரத்துக்குத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன. அவை நோயைக் குறைக்கும் என்பதற்கோ, வலி மருந்துக்கு மாற்றாகும் என்பதற்கோ சான்று இல்லை. அந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டால், அம்மாவுக்கு இதமாக இருக்கும் எதையும் செய்யலாம்.

ரெய்கியைப் பொறுத்தவரை, கையை மேலே வைத்து அமைதியாக உட்கார்ந்திருப்பதால் உடலுக்குத் தீங்கு எதுவும் வராது. உங்கள் அத்தை சொல்கிறவரை அம்மாவுக்குப் பிடித்திருந்தால் வரட்டும். ஆனால் அவர் "மாத்திரையை நிறுத்துங்கள்" என்றோ "நோய் இறங்குகிறது" என்றோ சொல்லத் தொடங்கினால், அன்றோடு நன்றி கூறி அனுப்பிவிடுங்கள். அண்ணா நகர் மையத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அவர்கள் விற்கும் இசையைவிட அம்மா இளம் வயதில் விரும்பிக் கேட்ட வானொலிப் பாடல்களோ, அவருக்கு மனப்பாடமான பக்திப் பதிகங்களோ அவருக்கு நெருக்கமானவை. அவற்றைத் தலையணைக்கு அருகில் சன்னமான ஒலியில் வைத்தால் போதும். எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், அதுவே களைப்பைத் தரும்.

வாசனையில் கவனம் தேவை. கல்லீரல் பாதித்தவர்களுக்குச் சிறிய மணமும் குமட்டலை வரவழைக்கும். அறையில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி மூன்றையும் நிறுத்திவிடுங்கள், மூச்சு வாங்குகிறவருக்குப் புகை ஆகாது. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துச் சன்னலில் கட்டுவது பலருக்குப் பிடிக்கிறது. சென்னை வெயிலுக்கு அறையும் குளிரும். அதுவும் அம்மா முகம் சுளிக்காத வரைக்கும்தான்.

மூச்சு வாங்கும்போது அவரைப் படுக்க வைக்காமல், கட்டிலில் உட்கார்த்தி, முன்னால் ஒரு சிறிய மேசை போட்டு, அதன் மேல் தலையணை வைத்துக் கைகளை ஊன்றிச் சாய்ந்துகொள்ளச் செய்யுங்கள். கணைய வலிக்கும் முன்னால் குனிந்து உட்காருவது இதம் தரும். பிறகு கையடக்க மின்விசிறியையோ பனையோலை விசிறியையோ எடுத்து, காற்று மூக்கிலும் கன்னத்திலும் நேராகப் படுமாறு வீசுங்கள். முகத்து நரம்பில் குளிர்ந்த காற்று படும்போது மூச்சுத் திணறல் உணர்வு குறைகிறது என்பது ஆய்வுகளிலேயே காணப்பட்ட ஒன்று. சுற்றி உறவினர்கள் கூடி நின்றுகொண்டிருந்தால் அவர்களை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து அவரோடு சேர்ந்து மெதுவாக மூச்சு விடுங்கள்.

மார்ஃபின் பற்றி மருத்துவர் யாரேனும் எழுதுவார்கள் என்று நம்புகிறேன். அதை இப்படி விட்டு விட்டுக் கொடுப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது.


பதில்: வலி தணிப்பு மருத்துவர், சென்னை

செவிலியர் எழுதியவற்றை அப்படியே ஆமோதிக்கிறேன். மார்ஃபின் குறித்த அச்சத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். அம்மாவின் நிம்மதிக்கு இப்போது பெரிய தடையாக இருப்பது நோயைவிட அந்த அச்சம்தான் என்று தோன்றுகிறது.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபினைக் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டுமே தவிர, முகத்தில் வேதனையைப் பார்த்த பிறகு கொடுக்கக் கூடாது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம்தான். அது தீர்வதற்குள் அடுத்த வேளை உள்ளே போய்விட்டால் வலி தலைதூக்காது. தலைதூக்கிய வலியை அடக்க அதிக மருந்து தேவைப்படும். அதாவது, குறைத்துக் கொடுப்பதாக நீங்கள் எண்ணிச் செய்வது அம்மாவுக்கு அதிக வலியையும், சில வேளைகளில் அதிக மருந்தையுமே தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 1986-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, வாய்வழியாக, நேரம் தவறாமல், படிப்படியாக என்ற இந்த முறை வகுக்கப்பட்டுவிட்டது. வலியின் அளவுக்கேற்பச் சரியாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. குறைந்த அளவில் அதுவே மூச்சுத் திணறல் உணர்வையும் தணிக்கும் என்பதால், இரவில் மூச்சு வாங்குவது குறித்தும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரியவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்ததால் நம் மருத்துவமனைகளில் மார்ஃபின் வைத்திருப்பதே அரிதாகிப்போனது. வலியில் துடித்தவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை; கிடைத்தவர்களுக்கும் இறுதி மணி நேரங்களில்தான் கிடைத்தது. மருந்து வந்ததும் உயிர் போனதைப் பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பின், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் இதை வைத்திருந்து வழங்குவது எளிதாகியிருக்கிறது. பல மாதங்கள் மார்ஃபின் எடுத்துக்கொண்டே பேரன் பேத்திகளோடு பேசிச் சிரித்தவர்களை என்னைப் போன்ற மருத்துவர்கள் வழக்கமாகவே பார்க்கிறோம். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தொடங்கிய முதல் சில நாள்களில் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் அவை அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல். மார்ஃபின் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அதனுடன் மலமிளக்கியும் தினமும் வேண்டும். உங்களுக்கு எழுதித் தரப்படவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. விழுங்க முடியாத நிலை வந்தால் தோலுக்கடியில் மெல்லிய ஊசி வழியாகச் செலுத்தலாம். ஃபென்டனில் என்ற மருந்து தடவிய ஒட்டுப்பட்டையைத் தோலில் ஒட்டும் முறையும் இருக்கிறது. ஒட்டுப்பட்டை போட்டிருப்பவருக்கு அந்த இடத்தில் வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்தால் மருந்து வேகமாக உள்ளே இறங்கிவிடும். அது ஆபத்து. ஒட்டுப்பட்டை இல்லாத நிலையில் முதுகுக்கு இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுப்பதில் தடையில்லை.

கணையப் புற்றுநோய் வலி மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்றால், வயிற்றின் பின்புறமுள்ள நரம்புப் பின்னலில் ஊசி போட்டு வலிச் செய்தியைத் தடுக்கும் முறை ஒன்று உண்டு. அம்மா இன்னும் சற்றுத் தெம்பாக இருக்கும்போதே அதைப் பற்றிக் கேட்பது நல்லது. உடல் அரிப்புக்கு மஞ்சள் காமாலை காரணமாக இருக்கலாம். பித்தக்குழாய் அடைபட்டிருந்தால் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து வடியச் செய்ய முடியுமா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதுவரையில் வெந்நீர்க் குளியலும் சோப்பும் வேண்டாம், நகங்களை ஒட்ட வெட்டி, தளர்வான பருத்தி ஆடை உடுத்தி, குளிர்ந்த ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மணமில்லாத ஈரப்பதக் களிம்பைத் தடவுங்கள். மலம் வெளிறி எண்ணெய்ப் பசையுடன் போனால், உணவோடு கொடுக்கும் கணைய நொதி மாத்திரை பயன்படும்.

உணவு விஷயத்தில் வற்புறுத்தாதீர்கள். உடல் அணைந்துவரும் கட்டத்தில் பசி தானாகவே குறைகிறது. சாப்பிடாததால் நோய் முற்றுவதில்லை, நோய் முற்றுவதால்தான் சாப்பிட முடியவில்லை. பட்டினி போடுகிறோமே என்ற குற்றவுணர்வில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி உறவினர்கள் கேட்பார்கள். இந்த நிலையில் ஏற்றும் திரவத்தை உடல் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் கால் வீக்கமும் நெஞ்சில் சளியும் கூடிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. அதைவிட வாயைப் பார்த்துக்கொள்ளுங்கள். மென்மையான பிரஷ் கொண்டு துலக்கி, உதட்டில் எண்ணெய் தடவி, நன்றாக விழுங்கும் வரையில் இளநீரைப் பனிக்கட்டியாக்கிச் சிறு துண்டாக நாக்கில் வைத்தால் எவ்வளவு இதமாக இருக்கும் என்பதை அம்மாவே சொல்வார். நாக்கில் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், எளிதில் குணமாக்கலாம்.

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தை, அதாவது இறுதிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கிய டேம் சிசிலி சாண்டர்ஸ், இறப்பை நெருங்குபவரின் வலி உடலில் மட்டும் இல்லை, மனத்திலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் சேர்ந்தே இருக்கிறது என்பதை வலியுறுத்தினார். அவர் முதலில் செவிலியராகவும் பிறகு மருத்துவச் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன் பின்னரே மருத்துவம் படித்தவர். மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுப்பதையும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதையும் ஒரே சிகிச்சையின் இரு பகுதிகளாகவே அவர் பார்த்தார். உங்கள் கேள்வியில் இருக்கும் வருடல், இசை, பிரார்த்தனை ஆகியவற்றுக்கு என் மருத்துவத்தில் இடம் இருப்பது அந்தக் காரணத்தினால்தான். வலி அடங்காத உடலில் இசை ஏறாது. ஆகவே முதலில் மாத்திரை.


பதில்: மயிலாப்பூர் வாசகர்

மருத்துவர் சொல்வது ஏற்புடையதே. ஆனாலும் சித்த மருத்துவத்தை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவ மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே கேட்டு, பசிக்கும் தூக்கத்துக்கும் ஏதாவது கொடுக்கலாமே?


பதில்: தாம்பரத்திலிருந்து ஒரு செவிலியர்

ஐயா, முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. அவரிடம் புற்றுநோய் மருத்துவரின் சீட்டைக் காட்டி, புற்றுநோய் மருத்துவரிடம் சித்த மருத்துவரின் சீட்டையும் காட்டிவிட வேண்டும். கல்லீரல் பாதித்த ஒருவருக்கு, என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடிகளையும் உலோகங்கள் கலந்த பற்பம், செந்தூரம் ஆகியவற்றையும் தொலைபேசியில் கேட்டு வாங்கிக் கொடுப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன்.


பதில்: ராயபுரத்திலிருந்து ஒரு மகன்

தங்கைக்கு, என் தந்தையாரை நுரையீரல் புற்றுநோயில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். மருந்து பற்றி எனக்கு முன்னால் எழுதியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல நினைப்பது, அம்மாவிடம் உண்மையைப் பேசுவது பற்றி. உங்கள் கேள்வியில் அவர் என்ன நினைக்கிறார் என்பது எங்கும் வரவில்லை. பெரும்பாலான வீடுகளில் போலவே உங்கள் வீட்டிலும் "அவரிடம் சொல்ல வேண்டாம்" என்று தீர்மானித்திருப்பீர்களோ என்று நினைக்கிறேன்.

நோயாளிக்குத் தெரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். என் தந்தையார் அதுவரை யாரிடமும் கேட்காமலே இருந்துவிட்டு, ஒரு நாள் ஆதரவு சிகிச்சைக் குழுவிலிருந்து வந்த செவிலியரிடம், தம் பெயரில் இருந்த சீட்டுப் பணத்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்களை வருத்த வேண்டாமே என்று அவரும் மறைத்திருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்பதை நான் சாட்சியாகச் சொல்வேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டியதில்லை. "உங்களுக்கு என்ன தோன்றுகிறது அம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவு அவரே கேட்பார். யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கோயிலின் பிரசாதம் வேண்டும், மருத்துவமனைக்குப் போக விருப்பமா, வீட்டிலேயே இருக்க விருப்பமா என்பதெல்லாம் அவர் வாயால் வரட்டும்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் பங்குத்தந்தை வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவருக்குக் காதோரம் கலிமா சொல்லி ஸம்ஸம் நீர் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் பால் ஊற்றுவது வழக்கமாக இருக்கலாம். செவிலியர் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு முறையை எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்: நினைவு மங்கியவருக்கு விழுங்கும் திறன் போய்விடுவதால், கரண்டியாலோ சங்காலோ ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிப் புரையேறிவிடும். உறவினர் ஒவ்வொருவரும் வரிசையாக ஊற்றும்போது அந்த வேதனை இன்னும் கூடும். பாலோ தீர்த்தமோ எதுவானாலும், சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கின் நுனியையும் ஈரமாக்கினால் போதும். சடங்கும் நிறைவேறும், அவருக்கும் துன்பம் இராது. இதை முன்கூட்டியே உறவினர்களிடம் பேசிவைப்பது நல்லது. அந்த நேரத்தில் யாரையும் தடுக்க முடியாது.


மறுமொழி: பெரம்பூர் மகள்

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. செவிலியர் அம்மா சொன்னபடியே ஸ்கேன் எடுத்ததில் இடது தொடையில் இரத்த உறைவு இருப்பது தெரிந்து, உறைவைத் தடுக்கும் ஊசி தொடங்கியிருக்கிறார்கள். மார்ஃபினை இப்போது நேரப்படி கொடுக்கிறோம். வலியால் விழிக்காமல் அம்மா தூங்குவதைப் பார்த்த பிறகு வீட்டுப் பெரியவர்கள் எதுவும் சொல்வதில்லை. சித்தப்பாவிடம் கை வருடும் முறையைக் காட்டினேன். இப்போது மாலை நேரத்தில் அவர்தான் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து பழைய ஊர்க் கதைகளைப் பேசியபடி வருடிவிடுகிறார்.

அம்மாவிடமும் பேசினேன். "எனக்குத் தெரியும்மா. ஐசியுவில் குழாய் மாட்டிக்கொண்டு கிடக்க வைத்துவிடாதே" என்றார். அவருடைய விருப்பப்படியே வீட்டில் வைத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம். ஆனால் பயமாக இருக்கிறது. கடைசி நாள்களில் என்னென்ன நடக்கும், இரவில் திடீரென்று ஏதாவது ஆனால் என்ன செய்வது, வீட்டில் இறந்தால் சான்றிதழ் போன்றவற்றில் சிக்கல் வருமா என்பதைச் சொல்ல முடியுமா?


பதில்: தாம்பரத்திலிருந்து ஒரு செவிலியர்

பயம் இயல்பானது. எதிர்பார்க்க வேண்டியவற்றை முன்பே தெரிந்துகொண்டவர்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடிவதைப் பலமுறை பார்த்திருப்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

தூக்கம் மெல்ல மெல்ல அதிகமாகி, விழித்திருக்கும் நேரம் சுருங்கும். சிறுநீர் குறைந்து அடர் நிறமாகும். கை கால்கள் சில்லிட்டு, முழங்காலிலும் பாதத்திலும் நீலமும் சிவப்பும் கலந்த திட்டுகள் தோன்றலாம். அதற்காகச் சுடுநீர்ப் புட்டி வைக்க வேண்டாம், ஒரு போர்வை போதும். மூச்சு சிறிது நேரம் வேகமாகவும், பிறகு ஆழமற்றும், இடையில் நின்று நின்றும் வரும். அது திணறல் இல்லை. தொண்டையில் களகளவென்று ஒலி கேட்கலாம். விழுங்க முடியாத எச்சில் அங்கே தேங்குவதால் வரும் ஒலி அது. நினைவு மங்கிய அம்மாவுக்கு அதனால் துன்பம் இருப்பதாகத் தெரிவதில்லை. கேட்பவர்களுக்குத்தான் பொறுக்க முடியாது. குழாய் விட்டு உறிஞ்சினால் வேதனைதான் மிஞ்சும். ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். சுரப்பைக் குறைக்கும் மருந்தும் உண்டு.

திடீரென்று துணியை இழுப்பதும் எழ முயல்வதுமாகத் தவித்தால், முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, ஒரு வேளை மருந்து தவறிவிட்டதா என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் இவற்றுக்குள் இருக்கும். இல்லையென்றால் அதற்கும் மருந்து இருக்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுப்பதும் படுக்கைப்புண்ணைத் தடுக்கும். இறுதி மணி நேரங்களில் அதைக்கூடத் தளர்த்திக்கொள்ளலாம், அசைப்பது வலித்தால் விட்டுவிடுங்கள்.

பேசுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். கனடாவின் வான்கூவர் நகரில் ஒரு நல்வாழ்வகத்தில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், பதில் சொல்ல முடியாத நிலைக்குப் போன நோயாளிகள் சிலரின் மூளை, இறப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பும் ஒலிகளுக்கு ஈடுகொடுத்தது பதிவானது. எனவே கட்டிலைச் சுற்றி நின்று செலவுக் கணக்கும் காரியப் பேச்சும் பேச வேண்டாம் என்று உறவினர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.


பதில்: வலி தணிப்பு மருத்துவர், சென்னை

நடைமுறை விஷயங்களுக்கு வருகிறேன். அம்மா தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழங்கிய தீர்ப்பில், வலுக்கட்டாயமாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை ஏற்கப்பட்டது. அப்போது விதிக்கப்பட்ட நடைமுறை கடினமாக இருந்ததால் 2023-இல் அது எளிமையாக்கப்பட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும் என்றானது. அந்தத் தாளின் நகலை அண்ணன், சித்தப்பா போன்றோரிடமும் கொடுத்துவையுங்கள். நள்ளிரவில் பதற்றத்தில் 108-ஐ அழைத்தால் அவர்கள் தம் கடமைப்படி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார்கள். அம்மா வேண்டாம் என்றது அங்கிருந்துதான் தொடங்கும். எனவே இரவில் யாரை அழைப்பது, எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதை ஒரே தாளில் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டிவையுங்கள்.

தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை அளிப்பதும் அடங்கும். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். உங்களுக்கு அருகில், மாதவரத்தை அடுத்த மாத்தூரில் ஜீவோதயா நல்வாழ்வகம் இருக்கிறது. புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்குக் கட்டணமின்றிப் பராமரிப்பு அளிப்பவர்கள். வீட்டில் சமாளிக்க முடியாமல் போனால் அங்கே சேர்ப்பது அம்மாவைக் கைவிடுவதாகாது.

இறப்புச் சான்றிதழில் சிக்கல் வரக் கூடாது என்றால், இப்போதே ஒரு மருத்துவரிடம் பேசி ஒப்புதல் பெற்றுவிடுங்கள். வீட்டில் இறந்தவருக்கு, அவருடைய கடைசி நோயில் சிகிச்சை அளித்த மருத்துவர் இறப்பின் காரணத்தை 4ஏ படிவத்தில் எழுதித் தருவார். சுடுகாட்டில் அந்தச் சான்றைக் கேட்பார்கள். அம்மாவைப் பார்த்தே இராத மருத்துவர் ஒருவரை அந்த நேரத்தில் தேடி அலைவதுதான் பல குடும்பங்களுக்கு நேரும் அவதி. மருத்துவமனையிலிருந்து வந்தபோது கொடுத்த சுருக்க அறிக்கை, ஸ்கேன் முடிவுகள், ஆதார் அட்டை ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். இறப்பை 21 நாள்களுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும்.

மீதமாகும் மார்ஃபின் மாத்திரைகளைக் குப்பையில் போடவோ, தெரிந்தவர் வீட்டு நோயாளிக்குக் கொடுக்கவோ வேண்டாம். எங்கே வாங்கினீர்களோ அங்கேயே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த வாரம் மருந்து வாங்கப் போகும்போது, விழுங்க முடியாத நிலைக்கு மாற்று மருந்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கி வையுங்கள்.